கண்டக்டரின் காதும் என் ஐஸ் தண்ணீரும்

1. மீனுக்கா, காதுக்கா?

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு டம்ளர் ஐஸ் வாங்க மீன் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். காரைக்காலில் அப்போது வேறெங்கும் நினைத்த நேரத்தில் ஐஸ் கிடைக்காது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "எத்தனை பார் வேணும்?" என்றார்.

"ஒரு டம்ளர் போதுங்க."

"டம்ளரா? அப்படி என்ன மீனு வாங்குனீங்க, நெத்திலியா?"

"மீனுக்கு இல்லைங்க, காதுக்கு."

அவர் என் வெள்ளைக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கட்டியை உடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து என் சைக்கிள் வாசலில் நின்றதும், "டேய், காது வந்துடுச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பார். என் பெயர் வசந்தா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இது எழுபதுகளின் கடைசியில். காது மூக்கு தொண்டைப் பிரிவில் நான் டெக்னீஷியன். நோயாளிகள் எல்லாரும் என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் வருஷம் முழுக்கத் திருத்திப் பார்த்தேன். இரண்டாம் வருஷம் விட்டுவிட்டேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்து டெஸ்டைச் சொல்லிவிடுகிறேன். கேட்பதற்கு ஒரு நரம்பும், நிலைதடுமாறாமல் நிற்பதற்கு ஒரு நரம்பும் காதிலிருந்து ஒன்றாகவே மூளைக்குப் போகின்றன. சிலருக்கு அந்த நரம்பில் கட்டி வளரும். புற்று இல்லை, மெதுவாக வளர்வது. ஆனாலும் விட்டால் மூளையை நெருக்கும். மெட்ராஸுக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய வேண்டும். கட்டியை எடுக்கும்போது அந்தப் பக்கத்து நிலை நரம்பும் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மனிதருக்குத் தலைசுற்றல் எவ்வளவு இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது கலோரிக் டெஸ்ட் ஒன்றுதான். நோயாளியைப் படுக்க வைத்து, காதுக்குள் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரும் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரும் நாற்பது விநாடி விட வேண்டும். நரம்பு உயிரோடு இருந்தால் கண் இரண்டும் பக்கவாட்டில் துடிக்கும், படுத்திருப்பவருக்குக் கட்டில் சுழலும். துடிப்பு எத்தனை நேரம் நிற்காமல் இருக்கிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துக் குறிக்க வேண்டும். எந்தத் தண்ணீருக்கும் கண் அசையவில்லை என்றால் கடைசியாக ஐஸ் தண்ணீர். அதற்கும் அசையாவிட்டால் அந்த நரம்பு செத்தது.

எனக்குச் சொல்லிக் கொடுத்த விதி சுலபமானது. கட்டி அந்த நரம்பை ஏற்கெனவே தின்று முடித்திருந்தால், மூளை ஒரே காதை வைத்துச் சமாளிக்கப் பழகியிருக்கும். ஆபரேஷனில் அதை வெட்டினாலும் பெரிதாக ஒன்றும் சுற்றாது. நரம்பு உயிரோடு இருக்கும்போது வெட்டினால்தான் மறுநாள் உலகமே சுற்றும். நான் அந்த விதியை வேதவாக்காக நம்பினேன்.

2. அந்துவான் சார்

என் கணக்கில் முதல் கட்டி தருமபுரத்து அந்துவான் சாருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடாத ஒரே நோயாளி. "மத்மசேல்" என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிடுவார். ஐஸ் தண்ணீர் விட்டும் அவர் வலது கண்ணோ இடது கண்ணோ இம்மி அசையவில்லை. "சார், ஆபரேஷன் முடிஞ்சா உங்களுக்குத் தலைசுத்தல் இருக்காது" என்றேன். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் அவரே நடந்து ஓ.பி.க்கு வந்தார்.

"மத்மசேல், நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த இன்னொருவருக்கும் நான் சொன்னது பலித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட்டில் எண்களை மட்டும் எழுத வேண்டும், அபிப்பிராயம் டாக்டருடையது என்பது முறை. நான் ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்தில் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன். பெரிய டாக்டர் கும்பகோணத்துக்காரர், கண்டிப்பானவர். அவரும் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஜோசியம் வேற பாக்குறியா?" என்று சிரித்தாரே தவிர, தடுக்கவில்லை.

3. பொறையாறு வண்டி

கலியபெருமாள் கோட்டுச்சேரிக்காரர். பொறையாற்றிலிருந்து நாகூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாற்பது வயதிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், பொங்கலுக்கு முன்னால் வந்தார்.

"வலது காது மந்தமாயிடுச்சு சிஸ்டர். அந்தப் பக்கத்து சீட்டுலேருந்து நிறுத்துங்கன்னு கத்துறாங்களாம், எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. ஒரு அம்மா ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க."

எவ்வளவு கேட்கிறது என்று அளக்க ஆடியோகிராம் எடுத்தேன். டாக்டர் காதுக்குள் பார்த்து, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று எழுதினார். கேட்கிற நரம்பில்தான் கோளாறு. கட்டியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, பத்து நாள் கழித்துக் கலோரிக் டெஸ்டுக்கு வரச் சொன்னார்.

கண்டக்டர் வேலை காலில் செய்கிற வேலை. ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, இரண்டு காலும் ஆடுகிற பஸ்ஸில். கம்பியைப் பிடிக்கக் கை கிடையாது. அதனால் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வண்டில நிக்க முடியுமா சிஸ்டர்? எனக்கு வேற தொழில் தெரியாது."

டெஸ்ட் நாளன்று இடது காதில் தண்ணீர் விட்டேன், கண் நன்றாகத் துடித்தது. வலது காதில் குளிர்ந்தது விட்டேன், ஒன்றுமில்லை. வெதுவெதுப்பானது விட்டேன், ஒன்றுமில்லை. ஐஸ் தண்ணீருக்கும் அவர் கூரையைப் பார்த்தபடி, "ஜில்லுன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார். தாங்கிப் பிடித்த தட்டில் விழுந்த தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. தலைக்கு எண்ணெய் வைக்காத ஆள் நம் ஊரில் யார் என்று நினைத்துக்கொண்டேன். லேசாகப் பூண்டு வாசனையும் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். காதுக்குள் பார்க்கிற விளக்கு, ஓட்டோஸ்கோப், மேஜை மேல்தான் இருந்தது. எடுத்துக் காதுக்குள் ஒருமுறை பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. டாக்டர்தான் பார்த்திருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டின் அடியில் எழுதினேன்: தலைசுற்றல் இராது, ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம். அவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பஸ் முதலாளியிடமும் காட்டினார். முதலாளி அவர் இடத்துக்கு நிரந்தரமாக ஆள் போடாமல் வைத்திருந்தது அந்த ஒரு வரியை நம்பித்தான்.

மெட்ராஸில் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி உறுதியானது. நாங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டையே வைத்துக்கொண்டு மேற்கொண்டு காரியத்தைப் பார்த்தார்கள். தை கடைசியில் ஆபரேஷன் முடிந்தது என்று கடுதாசி வந்தது.

4. இருட்டு அறை

மாசி போனது, பங்குனி போனது. கலியபெருமாள் ஓ.பி.க்கு வரவில்லை. பொறையாறு வண்டியில் வேறு ஆள் விசில் ஊதிக்கொண்டிருந்தார். சித்திரையில் ஒரு நாள் மத்தியான ட்யூட்டி முடிந்ததும், பையில் ஓட்டோஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் கோட்டுச்சேரிக்குப் போனேன். பெண் பிள்ளை இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தால் வழியில் ஆயிரம் பேச்சு வரும். எனக்கு அதெல்லாம் அப்போது காதில் ஏறாது.

அவர் மனைவி அஞ்சம்மாள் வாசலுக்கு ஓடி வந்தார்.

"வாங்க சிஸ்டர். அவங்க எந்திரிக்கிறதே இல்லீங்க. கண்ணைத் தொறந்தா சுத்துதுங்கறாங்க. வெளிச்சம் ஆவலைன்னு ஜன்னலெல்லாம் சாத்தி வச்சிருக்கேன். நாலு பேரு வந்து பாத்துட்டு, அசையவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

பட்டப்பகலில் அந்த அறை இருட்டாக இருந்தது. அவர் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகத்தின் வலது பாதி கொஞ்சம் தொங்கியிருந்தது, அது இந்த ஆபரேஷனில் வருவதுதான். தலைமாட்டில் தலைசுற்றல் மாத்திரை அட்டைகள் கிடந்தன. மெட்ராஸில் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்ததை இவர்கள் மருந்துக் கடையில் வாங்கி வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் மூன்று வேளையும் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை நாள் தின்றால் அது மூளையைப் பழக விடாது.

கலியபெருமாள் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"சிஸ்டர், தலைசுத்தல் வராதுன்னீங்க. எழுதியும் குடுத்தீங்க. ஆபரேஷன் ஆன மறுநாளே ராட்டினத்துல கட்டிப் போட்டாப்புல சுத்துச்சு. அப்ப மூளைல வேற எதையோ அறுத்துட்டாங்க. எல்லாருமா சேந்து எங்கிட்ட மறைக்கிறீங்க. பரவால்ல, சொல்லிடுங்க."

 செத்த நரம்பை வெட்டினால் இப்படிச் சுற்றாதே என்ற யோசனைதான் எனக்குள் ஓடியது. அஞ்சம்மாள் பக்கத்தில் நின்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷனுக்கு மின்னாடி நாங்க கைவைத்தியம் பாத்தப்பகூட இப்படி இல்லீங்க. பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, அந்தக் காதுல மட்டும் தினம் ஊத்தி விட்டேன். கொஞ்சம் கேக்குதுன்னாங்க."

"எப்பேருந்து ஊத்துனீங்க?"

"டாக்டர் முதல்ல பாத்தாருல்ல, அன்னைக்கு சாயங்காலத்துலேருந்து."

"தண்ணி விட்டு டெஸ்ட் எடுத்தேனே, அன்னைக்கு?"

"அன்னைக்குக் காலைலயும் ஊத்திப் பஞ்சு வச்சு விட்டேன். டாக்டர் பாத்தா திட்டுவாருன்னு, கிளம்புறப்ப பஞ்சை எடுத்துட்டேன்."

கைவைத்தியம் செய்ததை ஆஸ்பத்திரியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அது தெரிந்தும் நான் கேட்கவில்லை. ஓட்டோஸ்கோப்பை எடுத்து அவருடைய வலது காதுக்குள் பார்த்தேன். எண்ணெயில் ஊறி உப்பிய குறும்பியும், உள்ளே தங்கிப்போன பழைய பஞ்சும் சேர்ந்து கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தன. செவிப்பறை கண்ணுக்கே தெரியவில்லை. ஆபரேஷன் காதுக்குப் பின்பக்கம் எலும்பு வழியாகச் செய்தது, இந்த அடைப்பை யாரும் தொடவில்லை. நான் விட்ட தண்ணீர், ஐஸ் உட்பட, இந்த அடைப்பில் முட்டித் திரும்பியிருக்கிறது. அவருடைய நிலை நரம்பு ஆபரேஷன் மேஜையில் ஏறும்வரை உயிரோடு இருந்திருக்கிறது.

நாளை வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி அழுதேன். அவர் சுற்றலுக்குப் பயந்து படுத்துவிடவில்லை. வராது என்று நான் சொன்னது வந்துவிட்டதால், மூளை கெட்டுவிட்டது என்று பயந்து படுத்துவிட்டார். படுத்ததால் சுற்றல் போகவில்லை. என் ஒரு வரி அந்த மனிதரைக் கட்டிலில் போட்டிருந்தது.

5. யாருடைய வேலை

மறுநாள் காலை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நானும் திரும்ப ஒரு தடவை பாத்திருக்கணும். இப்ப போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? கண்டக்டர் வேற. ஒரு நாளைக்கு ஐநூறு பேரைப் பாக்குற ஆளு. பொறையாறுலேருந்து நாகூர் வரைக்கும் உன் பேரு நாறும்."

"நாறட்டும் சார். காரணம் தெரியாம அவர் எந்திரிக்க மாட்டார்."

டாக்டர் மூடி வைத்த பேனாவைத் திறந்தார். பிறகு மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதினார். என்னென்ன பயிற்சி, எந்த வரிசையில் என்று இன்னொரு சீட்டு எழுதினார். "காதை நான் வந்து சுத்தம் பண்றேன். மத்ததை நீ பாத்துக்க" என்றார்.

அன்று மத்தியானம் கலியபெருமாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய கேட்கிற காதுப் பக்கமாகச் சொன்னேன்.

"உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகலை. ஆபரேஷன் நல்லாத்தான் நடந்திருக்கு. தப்பு என்னோடது. உங்க காது அடைச்சிருந்துச்சு, அதைப் பாக்காம தண்ணி விட்டு, நரம்பு செத்துடுச்சுன்னு எழுதிட்டேன். அது சாகலை. நல்லா வேலை செஞ்ச நரம்பை வெட்டினா இப்படித்தான் சுத்தும். எல்லாருக்கும் சுத்தும். எந்திரிச்சு நடமாடினா மூளை ஒத்தைக் காதை வச்சுப் பழகிக்கும். படுத்தே இருந்தா பழகாது."

அஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "அடைச்சிருந்துச்சா? அய்யோ, நான் ஊத்துன எண்ணெயா?"

"எண்ணெய் காய்ச்சி ஊத்துறது உங்க வேலை. தண்ணி விடுறதுக்கு மின்னாடி காதைப் பாக்குறது என் வேலை. நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க. நான்தான் செய்யலை."

கலியபெருமாள் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்க முயன்றார், கண் நிலைகொள்ளவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ரெண்டு மாசமா செத்துக்கிட்டுக் கிடக்கேன்! அரை நிமிசம் பாக்குறதுக்கு என்ன கேடு உங்களுக்கு? எந்திரிச்சுப் போங்க வெளிய!"

போனேன். மறுநாள் மறுபடி வந்தேன். அன்று அவர் கட்டிலில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்திருந்தது. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். கோபம்தான் அவரை எழுப்பியது என்று அன்று நான் முடிவுகட்டி, நோயாளிகளைப் பற்றிக் குறிக்கிற என் நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

6. கயிற்றுக் கட்டில்

முதல் வாரம் கண்ணும் தலையும்தான். உட்கார்ந்தபடி கண்ணை மேலே, கீழே, பக்கத்தில் ஓட்ட வேண்டும். பிறகு தலையைத் திருப்ப வேண்டும். பத்து தடவை திருப்புவதற்குள் வாந்தி எடுத்தார். அஞ்சம்மாள் ஓடி வந்து தாங்கி, "போதும் சிஸ்டர், பச்சப் புள்ளை மாதிரி துவளுறாங்க" என்றார்.

"துவளட்டும். சுத்தினாத்தான் மூளைக்குத் தெரியும். நீங்க தாங்கிக்கிட்டே இருந்தா அது எப்பக் கத்துக்கும்?"

நான் சொன்னது கொஞ்சம் கடுமைதான். ஆனால் தாங்குகிற கைகளை அகற்றுவதுதான் அந்த வீட்டில் பெரிய வேலையாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இளநீரோடு வந்து, படுங்க படுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களிடம் அஞ்சம்மாளே, "டாக்டரம்மா படுக்கக்கூடாதுன்னுட்டாங்க" என்று சொல்லப் பழகினார். சிஸ்டரிலிருந்து எனக்கு அந்த வாசலில் மட்டும் பதவி உயர்வு.

இரண்டாவது வாரம் ஜன்னல்களைத் திறந்தோம். எலுமிச்சம்பழத்தைக் கைக்குக் கை தூக்கிப் போட்டு, கண்ணால் அதைத் தொடர வேண்டும். மூன்றாவது வாரம் நின்றார், சுவரைத் தொட்டபடி நடந்தார். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அவரை அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். கயிறு தொய்ந்து தொய்ந்து ஆடும். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், தொடக்கூடாது என்று கண்டிப்பு.

இதற்கிடையில் பஸ் முதலாளி மரைக்காயரைப் போய்ப் பார்த்தேன். ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க சீட்டைப் பாத்துத்தாம்மா இடம் வச்சிருந்தேன்" என்றார். "ஒரு மாசம்னீங்க, மூணு மாசமாச்சு. ஆனில மாங்கனித் திருவிழா வருது, ஸ்பெஷல் வண்டி விடணும். அதுக்குள்ள வந்து நின்னான்னா, இன்ஷா அல்லாஹ், அவன் இடம் அவனுக்கு. வரலேன்னா நான் வேற ஆளை நிரந்தரமாப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

"இந்தத் தடவை நான் எதையும் எழுதிக் குடுக்க மாட்டேன் முதலாளி. எனக்குப் பழைய டிக்கெட் கட்டு நாலு வேணும். மத்தியானம் வண்டி சும்மா நிக்கிற நேரத்துல அரை மணி நேரம் அது வேணும்."

அவர் சிரித்துவிட்டார், கொடுக்கவும் செய்தார்.

அடுத்த வாரம் முதல் கட்டிலில் நின்றபடி டிக்கெட் கிழித்தார். அஞ்சம்மாள்தான் பயணி. இடது பக்கம் நின்று, "கோட்டுச்சேரி ஒண்ணு" என்பார், உடனே வலது பக்கம் ஓடி, "நாகூர் ரெண்டு" என்பார். கலியபெருமாள் தலையைத் திருப்பித் திருப்பிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பழக்க தோஷத்தில், "சில்லறையா குடும்மா, நோட்டை நீட்டாத" என்று அதட்டினார். அஞ்சம்மாள் சிரித்த சிரிப்பில் அவருக்கே சிரிப்பு வந்து கட்டில் ஆடியது. அவர் விழவில்லை.

நின்ற பஸ்ஸில் மூன்று நாள், ஓடுகிற காலி பஸ்ஸில் ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. ஓடுகிற பஸ்ஸில் முதல் நாளே முழங்காலை இடித்துக்கொண்டு சீட்டில் விழுந்தார். டிரைவர் பிரேக்கில் கால் வைத்தபடி திரும்பினார். "ஓட்டுங்க!" என்று நான் சொல்வதற்கு முன்னால் கலியபெருமாளே சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில்தான் என் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்துவான் சார் ஏன் மூன்று வாரத்தில் நடந்து வந்தார் என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"மத்மசேல், ஆபரேஷன் ஆன நாலாம் நாளே எந்திரிச்சு வராந்தாவுல நடக்க ஆரம்பிச்சுட்டேன். பட்டாளத்துல இருந்த உடம்பு, படுக்கச் சொன்னாலும் படுக்காது" என்றார். நான் அதை எழுதி வைத்திருக்கவே இல்லை. அவர் நடந்ததன் பெருமையையும் என் ஐஸ் தண்ணீரே எடுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கட்டி நோயாளி யார் வந்தாலும் தண்ணீரோடு வேறு கேள்விகளும் கேட்டேன். காதில் என்ன ஊற்றினீர்கள்? திட்ட மாட்டேன், சொல்லுங்கள். கண் பார்வை எப்படி? கால் மரத்துப் போகிறதா? இருட்டில் தனியாகக் கொல்லைக்குப் போவீர்களா? வீட்டில் எழுந்து நடமாட விடுவார்களா? ஆபரேஷனுக்கு முன்பே அவர்களிடம், "சுத்தலாம், சுத்தினா அது மூளைக் கோளாறு இல்லை, மறுநாளே தலையைத் திருப்ப ஆரம்பிங்க" என்று சொல்லி அனுப்பினேன். வராது என்ற வார்த்தையை நான் அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை.

7. மாங்கனிக்கு ஸ்பெஷல்

மாங்கனித் திருவிழா அன்று கோட்டுச்சேரி ஸ்டாப்பில் அஞ்சம்மாளும் நானும் நின்றோம். ஸ்பெஷல் வண்டி மூச்சுவிட இடமில்லாமல் வந்தது, முண்டியடித்து ஏறினோம். கலியபெருமாள் படியில் நின்றிருந்தார். முகத்தின் வலது பக்கம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. உதட்டில் காற்று நிற்காததால் விசில் ஊத வராது. அதற்குப் பதிலாகத் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்றார்.

வண்டி கிளம்பியது. அவர் ஆட்களை விலக்கிக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வந்தார். யாராவது வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டால், முழு உடம்பையும் திருப்பி இடது காதைக் கொடுத்தார். நான் பழக்கத்தில் அவருடைய கண்ணையும் கால் பாதத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் நுழைகிற வளைவில் டிரைவர் ஒடித்துத் திருப்பினார். பஸ் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது, எல்லாரும் கம்பிக்குக் கையை நீட்டினார்கள். கலியபெருமாள் காலை அகட்டி வைத்து, இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, டிக்கெட்டைக் கிழித்து எனக்கு நேராக நீட்டினார். நான் அஞ்சம்மாள் மேல் போய் விழுந்தேன்.

"சிஸ்டர், கம்பியைப் புடிங்க. அடிகிடி பட்டுடப்போவுது" என்றார்.

அவர் பூரணமாகக் குணமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். இருட்டில் அவருக்குக் கடைசிவரை தள்ளாட்டம் இருந்தது. கரண்ட் போனால் சுவரைத் தேடுவார். மரைக்காயரிடம் நானே பேசி, விளக்கு வைப்பதற்குள் முடிகிற ட்ரிப்புகளாகப் போடச் சொன்னேன். அப்படியே பல வருஷம் ஓடியது.

அன்று காரைக்காலில் எல்லாரும் இறங்கின பிறகு, கலியபெருமாள் என்னைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். அஞ்சம்மாள் அதற்குள் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும் சிஸ்டர். காது அடைச்சிருந்துச்சுன்னு நீங்க சொன்னப்பவே எண்ணெய்தான்னு எனக்கு விளங்கிடுச்சு. அவ குரலைக் கேட்டேன், அவளுக்குப் பாதி உசுரு போயிடுச்சு. நீங்க அப்பவே தப்பெல்லாம் உங்களதுன்னு எடுத்துக்கிட்டீங்க. வெளிய போங்கன்னு கத்திட்டேன். ஆனா ராத்திரியெல்லாம் ரோசனை. நான் இப்படியே கெடந்தா, தன்னாலதான்னு அவ ஆயுசுக்கும் அழுவா. அதான் காலைல கையை ஊணி உக்காந்தேன்."

 கோபத்தில் எழுந்தார் என்று நோட்டில் எழுதியிருந்தேன். அதுவும் தவறு. ஒரு மனிதர் எதற்காக எழுந்து உட்காருவார் என்பது எந்தத் தண்ணீரிலும் தெரியாது. அதை அவரிடமும் அவர் வீட்டிலும் போய் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

மறுநாள் காலை ஓ.பி.யில் முதல் ஆள் படுத்ததும், இப்போது வழக்கமாகிவிட்டபடி ஓட்டோஸ்கோப்பை எடுத்து இரண்டு காதுக்குள்ளும் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட்டேன்.